துவாக்குடி வீட்டின் சந்தை வாடகை

வாடகை என்றால் என்னவென்று நாற்பத்தாறு வயது வரை நல்லதம்பிக்குத் தெரிந்திருந்தது. மாதம் பிறந்தால் குடியிருக்கிறவர் கொடுப்பார், வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வார். திருவானைக்காவலில் ஒரே போர்ஷனில் பத்தொன்பது வருடம் இருந்து அவனே கொடுத்திருக்கிறான். அதற்கப்புறம்தான் வீட்டுக் கடனுக்கு மனுப் போட்டான்.

நல்லதம்பி ஏ.சி. மெக்கானிக். சித்திரை, வைகாசியில் சாப்பிட நேரம் இருக்காது. கார்த்திகையில் போன் அடித்தால் அது ராங் நம்பராக இருக்கும். மழைக்காலம் முழுக்க மனைவி பிரேமலதாவின் தையல் மெஷின்தான் குடும்பத்தை ஓட்டும். இனிமேல் ரொம்ப நாள் ஏணி ஏற முடியாது என்று முழங்கால் சொல்ல ஆரம்பித்தபோது, வாடகை வருகிற மாதிரி ஒரு வீடு வாங்கிப் போடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

வீடு துவாக்குடியில் கிடைத்தது. டோமினிக் என்ற ஓய்வுபெற்ற வெல்டர் கட்டிய மாடி வீடு. கீழே ஒரு போர்ஷனில் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஜமாலின் குடும்பம். பக்கத்துப் போர்ஷனில் மணிமேகலை. மாணவர்களுக்கு மதியச் சாப்பாடு செய்து அனுப்புகிறவர். மேலே இரண்டிலும் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள். போர்ஷனுக்கு ஒன்பதாயிரம், மொத்தம் முப்பத்தாறாயிரம். ஏழு வருடத்தில் ஒரு போர்ஷன்கூட ஒரு மாதம் பூட்டிக் கிடந்ததில்லை. டோமினிக் பெங்களூரில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போவதால் விற்கிறார். விலை ஐம்பத்திரண்டு லட்சம். மண்ணச்சநல்லூர் மனையை விற்று, பிரேமலதாவின் நகையையும் சேர்த்ததில் பதினான்கு லட்சம் தேறியது. அதில் ஐந்தை அட்வான்ஸாகக் கொடுத்து, தொண்ணூறு நாளில் கிரயம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். நாள் தவறினால் அட்வான்ஸ் போய்விடும்.

மீதி முப்பத்தெட்டு லட்சத்துக்குத்தான் தில்லைநகரில் இருந்த நிலைவாசல் ஹவுசிங் ஃபைனான்ஸுக்குப் போனான்.

கிளை மேலாளர் பீமராவ் மரியாதையான மனிதர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"உங்க வருமானத்துக்கு இவ்வளவு கடன் வராதுங்க. ஆனா கவலைப்படாதீங்க. வாங்கப்போற வீட்டோட வாடகையையும் உங்க வருமானமா நாங்க சேர்த்துக்குவோம். அதுக்குன்னே ஒரு திட்டம் வச்சிருக்கோம்."

நல்லதம்பிக்கு மூச்சு வந்தது. நான்கு வாடகை ஒப்பந்தங்களையும் டோமினிக்கின் பாஸ்புக் நகலையும் மேஜைமேல் வைத்தான். பீமராவ் அவற்றை ஒற்றை விரலால் அவன் பக்கமே தள்ளினார்.

"இது வாங்குற வாடகைங்க. நாங்க பாக்குறது சந்தை வாடகை."

"சந்தையில குடுக்கிறதைத்தானே சார் வாங்குறாரு?"

"அப்படிச் சொல்லிட முடியாதுங்க. வாங்குற வாடகைங்கிறது வீட்டுக்காரருக்கும் குடியிருக்கிறவங்களுக்கும் நடுவுல உள்ள சொந்த விஷயம். ஒருத்தர் பிரியத்துல கூடக் குடுக்கலாம். அதுல நாங்க தலையிடறதில்லை. அந்த வீடு என்ன வாடகைக்குப் போகணும்கிறதை எங்க மதிப்பீட்டாளர் வந்து சொல்வார்."

"ஏழு வருஷமா போயிட்டுத்தான் சார் இருக்கு."

"போறது வேற, போகணும்கிறது வேற," என்றார் பீமராவ். மதிப்பீட்டுக் கட்டணம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம், ஜி.எஸ்.டி. தனி என்று சொல்லி ரசீது கொடுத்தார்.

மதிப்பீட்டாளர் அறிவுமதி பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். வீட்டை அண்ணாந்து ஒரு தடவை பார்த்தார். பிறகு கையிலிருந்த டேப்லெட்டில் வரைபடத்தைத் திறந்து, வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு வட்டம் போட்டார்.

"இந்த வட்டத்துக்குள்ள, பதிவு பண்ணின வாடகை ஒப்பந்தம் இருக்கிற கட்டடம் மூணு வேணும். அந்த மூணோட சராசரிதான் இந்த வீட்டோட வாடகை."

வட்டத்தில் பாதி கல்லூரி வளாகம். அதை யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை. கால்வாசியை நெடுஞ்சாலையும் ஓரத்துப் பொட்டலும் எடுத்துக்கொண்டன. மீதியில் அறுபது எழுபது வாடகை வீடுகள் இருந்தன. எல்லாரும் பதினொரு மாதத்துக்குப் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள். ஒருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போகவில்லை. வெயிலில் நல்லதம்பியின் பைக்கில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் சுற்றியதில் அறிவுமதிக்கு மூன்று கட்டடங்கள் கிடைத்தன. ஒன்று, முப்பது வருடத்துக்கு முன்னால் ரேஷன் கடைக்கு விட்ட அறை. மாதம் நானூற்று ஐம்பது ரூபாய். இரண்டாவது, பழைய டயர் போட்டு வைத்திருக்கும் தகரக் கொட்டகை; மூவாயிரம். மூன்றாவது, செல்போன் டவர் நிற்கிற ஒரு மொட்டை மாடி, பதினெட்டாயிரம்.

"சார், டவர்ல யாரும் குடியிருக்க மாட்டாங்களே," என்றான் நல்லதம்பி.

"அதைக் கவனிக்காம இருப்பேனா? கிச்சன், பாத்ரூம் இல்லைன்னு அதுக்கு இருபது பர்சென்ட் கழிச்சுட்டேன்."

திரும்பி வந்து குடியிருப்பவர்களை விசாரித்தார். மாடியில் இருந்த மைத்ரேயி என்ற ஆராய்ச்சி மாணவியிடம், "ஒன்பதாயிரம் எதுக்கும்மா குடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

"தண்ணி நல்லா வருது சார். காலேஜுக்கு நடந்தே போயிடலாம்."

அறிவுமதி எழுதினார்: குடியிருப்போரில் மாணவர்கள் உள்ளனர், படிப்பு முடிந்துவிடும் அபாயம் உண்டு, கழிவு பதினைந்து சதவீதம். மணிமேகலையின் போர்ஷனில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டில் சமையல் நடக்கிறது. கழிவு ஐந்து சதவீதம். மணிமேகலை அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். அதற்குக் கழிவு எதுவும் போடவில்லை.

அறிக்கை வந்தபோது முப்பத்தோரு நாள் போயிருந்தது. முழு வீட்டுக்கும் சேர்த்துச் சந்தை வாடகை நாலாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.

அதற்குப் பிறகு நல்லதம்பியால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஏ.சி. கழுவப் போன வீடுகளில் எல்லாம் கையில் பிரஷ்ஷோடு நின்று, "இந்த வீட்டுக்கு வாடகை எவ்வளவு குடுக்கிறீங்க?" என்று கேட்டான். ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியில் ஓர் அம்மாள், இவன் வீட்டுக்காரர் அனுப்பிய ஆளாக இருக்கும் என்று சந்தேகப்பட்டு, வேலை முடியும் வரை சமையலறை வாசலிலேயே நின்றார். ராத்திரி சாப்பிடும்போது கால் தானாக ஆடியது. "காலை ஆட்டாதீங்க," என்று பிரேமலதா சொல்வாள். ஒரு நிமிடம் நிற்கும், மறுபடி ஆடும். அவளும் ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்து வைத்திருந்தாள்.

"நாம கேட்டது கடன்தானே," என்றாள் அவள். "வாடகை எவ்வளவுன்னு நாம கேக்கவே இல்லையே. அவங்க ஏன் சொல்றாங்க?"

பீமராவ் மேல்முறையீட்டுக்கு வழி சொன்னார். அதற்கும் கட்டணம் உண்டு. அது தவிர, வீட்டின் புகைப்படம் நாலு திசையிலிருந்தும் வேண்டும் என்றார். நாலாவது திசையில் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி இருந்ததால், அந்தச் சுவரின் புகைப்படத்தைக் கொடுத்தான். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஐம்பத்தெட்டாம் நாள் சென்னையிலிருந்து சந்தை வாடகை மறுஆய்வுக் குழு வீடியோவில் கூடியது. கிளை அலுவலகத் திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். இரண்டு பேர் குனிந்து எதையோ படித்துக்கொண்டிருக்க, தலைவர் மட்டும் பேசினார்.

"மிஸ்டர் நல்லதம்பி, உங்க வருத்தம் புரியுது. இருபத்திரண்டு வருஷமா நான் வாடகை நிர்ணயம் பண்றேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு வீட்டையும் நேர்ல பார்த்ததில்லை. பார்த்தா மனசு அந்தப் பக்கம் சாஞ்சிடும். ஜன்னல் நல்லா இருக்கேம்போம், காத்து வருதேம்போம். அப்புறம் நியாயம் எங்க இருக்கும்? ஜனங்க என்ன குடுக்கிறாங்க, என்ன வாங்குறாங்கன்னு பார்த்துட்டே இருந்தா, சந்தையைப் பத்தி யோசிக்கவே நேரம் இருக்காது. அதனாலதான் எங்க நிறுவனம் இவ்வளவு உறுதியா நிக்குது."

"சார், நாலாயிரத்து எழுநூறுக்குத் துவாக்குடியில ஒரு ரூம் கூடக் கிடைக்காது."

"அந்த அறிக்கை தப்புதான்," என்றார் தலைவர்.

நல்லதம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"பெரிய தப்பு. சந்தை வாடகைன்னா, காலியா இருக்கிற வீடு என்ன வாடகைக்குப் போகும்கிறது. இங்க என்னடான்னா, வீட்டுக்குள்ள ஆளுங்க இருந்திருக்காங்க. அவங்களை வச்சுக்கிட்டே மதிப்பீடு பண்ணியிருக்கார். அது எப்படிச் செல்லும்? அறிக்கையை ரத்து பண்றோம். வீட்டைக் காலியா வச்சுத் திரும்ப மதிப்பீடு பண்ணட்டும்."

"குடியிருக்கிறவங்க எங்க சார் போவாங்க?"

"அது சந்தைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்," என்று தலைவர் சொல்ல, மற்ற இருவரும் தலை நிமிராமலே ஆமோதித்தார்கள்.

நல்லதம்பி துவாக்குடிக்குப் போய் நாலு போர்ஷனிலும் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். ஒரே ஒரு நாள் போதும், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் திரும்பிவிடலாம்.

ஜமால்தான் முதலில் கேட்டார். "சாமானோடயா?"

"சாமானோடதான் பாய். காலின்னா காலியா இருக்கணுமாம்."

"பீரோவுமா?"

நல்லதம்பி தலையை ஆட்டினான். ஜமால் பெருமூச்சு விட்டுவிட்டு, பீரோ சாவி எங்கே என்று உள்ளே பார்த்துக் கேட்டார். இந்த மனுஷன் வாங்காவிட்டால் வேறு எவன் வாங்குவானோ, வந்து என்ன வாடகை சொல்வானோ என்ற பயம் அவர்களுக்கும் இருந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு இரண்டு மினி லாரியில் நான்கு குடித்தனமும் கல்லணைக்குப் புறப்பட்டது. பிரேமலதா கூடப் போனாள். கல்லணைப் பூங்காவுக்கு வெளியே மரத்தடியில் ஜமாலின் கட்டிலை இறக்கிப் போட்டதும், சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம் அதில் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்காரன் துரத்திவிட்டானா என்று காவலாளி விசாரித்தார். இல்லை, வீட்டுக்கு வாடகை வருமா என்று பார்க்கிறார்கள் என்று மணிமேகலை சொன்னார். காவலாளி அதற்குமேல் கேட்கவில்லை. மைத்ரேயி பீரோவில் சாய்ந்து உட்கார்ந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாள். மத்தியானம் எல்லாருக்கும் எலுமிச்சை சாதம்.

நல்லதம்பி வீட்டிலேயே இருந்தான். காலி வீட்டில் அவன் இருமினால் நாலு அறையிலிருந்தும் திரும்பி வந்தது. சுவரில் காலண்டர் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன அறிவுமதி மூன்றரைக்கு வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து, ஒவ்வொரு அறைக் கதவையும் திறந்து எட்டிப் பார்த்தார்.

"யாரும் இல்லையா?"

"இல்லை சார்."

"எத்தனை நாளா?"

"காலையில ஏழு மணியிலேருந்து."

அவர் அதை எழுதிக்கொண்டார். மோட்டார் ஓடாத தொட்டி, எரியாத அடுப்பு மேடை, செருப்பில்லாத வாசல் எல்லாவற்றையும் படம் எடுத்தார். போகும்போது, "ஏரியா கொஞ்சம் டல்லா இருக்கே," என்றார்.

இரண்டாவது அறிக்கை எண்பத்தாறாம் நாள் வந்தது. பார்வையிட்ட தினத்தில் நான்கு போர்ஷன்களும் காலியாக இருந்தன. குடியேற எவரும் முன்வரவில்லை. அப்பகுதியில் வாடகைக்குத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை. சந்தை வாடகை பூஜ்யம். கூடவே, கடன் மறுக்கப்பட்டதைத் தெரிவிக்கும் கடிதமும், பண்டிகை வாழ்த்தும் இருந்தன.

"முதல் அறிக்கையை நீங்கதானே ரத்து பண்ண வச்சீங்க," என்றார் பீமராவ் வருத்தத்துடன். "அதுல நாலாயிரத்துச் சொச்சமாவது இருந்துச்சு." வேறு நிறுவனத்துக்குப் போகலாமா என்று நல்லதம்பி கேட்டான். திருச்சியில் இன்னும் ஐந்து நிறுவனங்களுக்கு அறிவுமதிதான் மதிப்பீட்டாளர், வீணாக அலைய வேண்டாம் என்று பீமராவ் அக்கறையோடு சொன்னார்.

வெளியே வந்து பைக்கை எடுத்தவன், தில்லைநகரிலிருந்து திருவானைக்காவல் வரை கியர் மாற்றவே மறந்து போனான். பிரேமலதா கடிதத்தைப் படித்துவிட்டு ஊசியை ரவிக்கையில் குத்தி வைத்தாள்.

"வாங்க, டோமினிக் சாரைப் பாத்துச் சொல்லிடுவோம். நம்ம வாயால சொல்லிடறது நல்லது."

டோமினிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறிக்கையை இரண்டு தடவை படித்தார். எழுபத்தோரு வயது. முப்பத்திரண்டு வருடம் வெல்டிங் பிடித்த கை. அந்த விரலைப் பூஜ்யத்தின்மேல் வைத்தார்.

"என் வீட்டுக்கு வாடகையே வராதுன்னு எழுதியிருக்கான்."

"ஆமா சார். அட்வான்ஸை நீங்க..." என்று நல்லதம்பி ஆரம்பித்தான்.

"இருங்க. அட்வான்ஸைப் பத்தி நான் இப்ப பேசலை. இந்த மாசம் ஜமால் குடுத்தான், மணிமேகலை குடுத்துச்சு, மாடியில ரெண்டும் ஜிபேல வந்துருச்சு. அது என்ன, கனவா?" அவர் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினார். "உங்களை விட்டுட்டு நான் வேற ஆளைத் தேடினாலும், அவனும் கடனுக்குத்தான் போவான். இதே ஆள்தானே வட்டம் போட வருவான்?"

"அப்படித்தான் சொல்றாங்க சார்."

டோமினிக் அறிக்கையை மடித்து வைத்தார். பிரேமலதா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு அவர், மகளின் பெங்களூர் ஃபிளாட்டுக்கு மாதத் தவணை எவ்வளவு என்று போனில் கேட்டார். முப்பத்துமூவாயிரத்துச் சொச்சம் என்று அந்தப் பக்கம் பதில் வந்தது.

"சரி, இப்படிச் செய்வோம். கையில இருக்கிற ஒன்பது லட்சத்தையும் குடுத்துருங்க. வாடகையை நீங்களே வாங்கிக்கங்க. அதுல மாசம் முப்பத்துநாலாயிரம் எனக்குப் பன்னிரண்டு வருஷம் அனுப்புங்க. நான் நேரா என் பொண்ணு தவணைக்குக் கட்டிடறேன். எல்லாத்தையும் எழுதிப் பதிவு பண்ணிக்குவோம். நான் போயிட்டாலும் என் பொண்ணு கிரயம் பண்ணிக் குடுக்கணும்னு அதுலயே எழுதுவோம்."

"வாடகை வராம போச்சுன்னா சார்?" என்றாள் பிரேமலதா. அவளையும் அறியாமல் கேட்டுவிட்டாள்.

டோமினிக் அவளைப் பார்த்தார். "நீயும் அறிக்கை எழுத ஆரம்பிச்சிட்டியாம்மா," என்றார்.

எண்பத்தொன்பதாம் நாள் பதிவு முடிந்தது. அன்று வீட்டுக்கு வந்து நல்லதம்பி பாயில் படுத்தவன், மறுநாள் காலை வரை புரளவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, துவாக்குடி வீட்டு மோட்டாரைப் பழுது பார்க்க நல்லதம்பி போயிருந்தான். வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதில் எட்டு மேஜை, ஓர் இரும்பு லாக்கர், 'நிலைவாசல் ஹவுசிங் ஃபைனான்ஸ், துவாக்குடி கிளை' என்று எழுதிய நீளமான போர்டு. பின்னால் காரிலிருந்து பீமராவும் அறிவுமதியும் இறங்கினார்கள்.

பீமராவ் அவனைப் பார்த்ததில் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "நீங்க இங்கதான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. துவாக்குடியில பிரான்ச் திறக்கிறோம். நல்ல வளர்ச்சி இருக்கிற ஏரியா. இங்க பத்திரம் சரியா இருக்கிற காலிக் கட்டடம் எதுன்னு தலைமையகத்துல கம்ப்யூட்டர்ல தேடினாங்க. ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு."

"இந்த வீடா?"

"இந்த வீடுதான். மாசம் அறுபதாயிரம் ஒதுக்கியிருக்காங்க."

நல்லதம்பி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "பூஜ்யம்னு எழுதினீங்களே சார்?"

"அது நீங்க வாங்குற வாடகைங்க," என்று அறிவுமதி விளக்கினார். "இது நாங்க குடுக்கிறது. இதுக்கு வட்டம் பெரிசு. அஞ்சு கிலோமீட்டர்."

அறுபதாயிரம். நல்லதம்பி கணக்குப் போட்டுப் பார்க்காமல் இல்லை. கல்லணை மரத்தடியில் நின்ற பீரோவையும் நினைத்துப் பார்த்தான். ஆறு மாதம் கழித்து இவர்களே வந்து வேறு வட்டம் போட மாட்டார்கள் என்று யார் சொன்னது?

"வீடு காலி இல்லைங்க. நாலு போர்ஷன்லயும் ஆளுங்க இருக்காங்க. யாரையும் காலி பண்ணச் சொல்றதா இல்லை."

"எங்க ரெக்கார்டுல காலின்னு இருக்கே," என்றார் அறிவுமதி.

அந்த நேரம் பீமராவின் போன் அடித்தது. தலைமையகம். அவர் விறைப்பாக நின்று கேட்டுக்கொண்டார். எதிரே வாசலில் பதினோரு ஜோடி செருப்புகள் கிடந்தன. மாடிக் கம்பியில் மைத்ரேயி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஜமாலின் சின்ன மகள் லாரியில் இருந்த போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார். காலியாத்தான் இருக்கு. நேர்லயே பார்த்துட்டு இருக்கேன் சார்."

மணிமேகலையின் குக்கர் நீளமாக ஒரு விசில் அடித்தது. அது என்ன சத்தம் என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும்.

"ரயில் சார்," என்றார் பீமராவ்.

பிறகு போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, நல்லதம்பியிடம் குரலைத் தாழ்த்தினார். "அந்த அடுப்பை ஒரு நிமிஷம் அணைக்கச் சொல்றீங்களா? ஹெட் ஆபீஸ் லைன்ல இருக்காங்க."

"இருபத்தாறு பேருக்குச் சாப்பாடு போகணுங்க," என்றான் நல்லதம்பி. "பருப்பு வெந்தாத்தான் அணைப்பாங்க."